கள்ள மரக்காலும் கார் கம்பெனி மைலேஜும்

தஞ்சைச் சீமையின் பழைய பண்ணையார்களை நம் விவசாயத் தொழிலாளித் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பண்ணை வீடுகளில் இரண்டு மரக்கால் இருக்கும். குத்தகை நெல்லை அளந்து வாங்க ஒன்று. பண்ணையாளுக்குக் கூலி அளந்து போட வேறொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வாங்குகிற மரக்காலுக்கு வயிறு பெருத்திருக்கும். கொடுக்கிற மரக்காலுக்கு அடி மேடேறியிருக்கும். 1940-களில் தோழர் பி.சீனிவாசராவ் போன்றோரின் தலைமையில் அங்கே செங்கொடி ஏறியபோது, சாட்டையடியையும் சாணிப்பாலையும் ஒழி என்ற முழக்கத்தோடு கூடவே, கள்ள மரக்காலை ஒழி, முத்திரை மரக்காலில் கூலியை அள என்ற குரலும் எழுந்தது. அடி விழுந்த முதுகின் வலி எவ்வளவு உண்மையோ, அளவில் போன நெல்லின் வலியும் அவ்வளவு உண்மை என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கள்ள மரக்கால் செத்துப்போய்விட்டதா? இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான சாலையில் ஒரு நடை வந்து பாருங்கள். கண்ணாடிக் கட்டடங்களுக்குள் குளிர்ந்த காற்றில் பளபளவென்று நிற்கிறது. அதற்கு இன்று பெயர் மைலேஜ்!

விளம்பரத்தைப் பாருங்கள். மலை முகட்டில் ஒரு பெரிய வண்டி. உள்ளே கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். எல்லோருக்கும் சிரித்த முகம். கீழே ஓர் எண். 2020 டிசம்பரில் ஒரகடத்திலிருந்து சந்தைக்கு வந்த நிஸான் மேக்னைட் வண்டிக்கு லிட்டருக்கு 18.75 கிலோமீட்டர் என்றார்கள். அதிலேயே டர்போ என்ஜினுக்கு 20 என்றார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கட்டும் கிரெட்டாவின் டீசல் கியர் வண்டிக்கு 2024-ல் சொன்ன எண் 21.8. புள்ளிக்குப் பின்னாலும் இலக்கம் போட்டுவிட்டார்கள், பார்த்தீர்களா? பொற்கொல்லன் குன்றிமணி எடை பார்ப்பதுபோல் அத்தனை சுத்தம்! ஆனால் அந்த எண்ணின் காலடியில் கடுகுபோல நாலு எழுத்து கிடக்கும்: 'நிர்ணயிக்கப்பட்ட சோதனை நிலைமைகளில்'. பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய அந்த நாலு எழுத்தில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

"மில் தொழிலாளிக்கும் நாற்று நடுகிறவளுக்கும் பத்துப் பன்னிரண்டு லட்ச ரூபாய் வண்டியோடு என்ன சம்பந்தம்? பணக்காரன் பெட்ரோல் போட்டு ஏமாந்தால் ஏமாறட்டுமே!" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சாலைக்கு வந்து பார்த்தால் கேள்வி மாறிவிடும். வல்லத்திலும் மாத்தூரிலும் பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட்டுக்கு நிலம் போன பிறகு, ஆலைக்குள் வேலை கிடைக்காத இளைஞர்கள் எத்தனையோ பேர் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, மஞ்சள் போர்டு மாட்டி, கம்பெனி அதிகாரிகளை ஏற்றி இறக்குகிறவர்கள் அவர்கள். மலை முகட்டில் நிற்கிற குடும்பத்தை நம்பி அவர்கள் வண்டி வாங்கவில்லை. அந்த எண்ணை நம்பித்தான் வாங்கினார்கள். மாதம் இவ்வளவு ஓட்டம், இவ்வளவு எண்ணெய், இவ்வளவு டியூ, மிச்சம் இவ்வளவு என்று நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டபோது, அந்தக் கணக்கின் முதல் வரியே விளம்பரத்து எண்தான்.

ஊரில் திருவிழாவுக்கு வந்த இடத்தில் சித்தப்பா, ஆலைத் தொழிலாளியான மகன் முறைக்காரனைக் கேட்கிறார்: "ஏம்பா, நீ கட்டுற வண்டிதானே, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" அவன் சொல்கிறான்: "பேப்பர்ல இருபது போட்டிருக்கு சித்தப்பா. ரோட்டுல எவ்வளவுன்னு என்னைக் கேக்காதீங்க, ஓட்டுறவனைக் கேளுங்க." வண்டியைத் தன் கையால் பூட்டி முடிக்கிறவனே இப்படித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது!

சரி, ஓட்டுகிறவனையே கேட்போம். ஒரகடம் கூட்டுச் சாலையில் வாடகைக்கு நிற்கும் ஓட்டுநர்களிடம் பேசினால் பதினான்கு, பதினைந்து என்கிறார்கள். ஷிப்டு மாறும் நேரத்து நெரிசலில் பன்னிரண்டுக்கு இறங்குகிறது என்கிறவர்களும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓடும் வண்டி. விளம்பரத்தின்படி லிட்டருக்கு 20 என்றால் ஏழரை லிட்டர் போதும். சாலையில் 14 என்றால் பத்தே முக்கால் லிட்டர் வேண்டும். வித்தியாசம் மூன்றேகால் லிட்டர். எண்ணெய் லிட்டர் நூறு ரூபாய் என்று முழுத் தொகையாக வைத்துக்கொண்டாலும் நாளைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல். மாதம் 25 நாள் ஓடினால் எட்டாயிரம் ரூபாய்! டியூவில் பாதி இது. பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் இது. இதைக் கட்ட அவன் இன்னும் இரண்டு மணி நேரம் தூங்காமல் ஓட்டுகிறான். தூக்கக் கலக்கத்தில் வாலாஜாபாத் சாலையில் லாரிக்குப் பின்னால் போய் மோதினால், 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று பத்திரிகையில் இரண்டு வரி வரும்.

இந்த எண் எங்கே பிறக்கிறது?

சாலையில் அல்ல. ஓர் அறையில்! வண்டியின் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்துகிறார்கள். வண்டி நின்ற இடத்திலேயே ஓடுகிறது. இப்படி 1,180 விநாடி. இருபது நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்தில் வண்டி கடந்ததாகக் கணக்காவது பத்தரைக் கிலோமீட்டர் சொச்சம். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். உச்ச வேகம் 90. எந்த விநாடியில் எந்த வேகம் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுகிறவர் திரையில் தெரியும் கோட்டைப் பின்பற்றிப் போனால் போதும். வினாத்தாள் வெளியான பரீட்சை இது! ஏ.சி. ஓடாது. ஏழு பேர் ஏற மாட்டார்கள். மேலே மூட்டை இராது. மாடு குறுக்கே வராது. டோல்கேட்டில் வரிசை இல்லை; மழையில் பள்ளம் இல்லை; சித்திரை வெயில் இல்லை. இந்தச் சோதனைக்குப் பெயர் மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி. பெயரில்தான் இந்தியா இருக்கிறது. ஐரோப்பாவின் பழைய சோதனையை எடுத்து, உச்ச வேகத்தை 120-லிருந்து 90-ஆகக் குறைத்துச் செய்தது அது. இதுவரை நம் விளம்பரங்களில் கண்ட எண்களெல்லாம் இதன் வயிற்றில் பிறந்தவை.

சான்று தருவது யார்? பெரும்பாலும் பூனாவில் இருக்கும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், அதாவது ஏ.ஆர்.ஏ.ஐ. 1966-ல் மோட்டார் தொழிலதிபர்களும் சர்க்காரும் கைகோத்து அமைத்த சங்கம். வண்டிக் கம்பெனிகளே அதன் உறுப்பினர்கள். அங்கே வேலை செய்யும் என்ஜினீயர்கள் பொய்யர்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த அறையில் அந்த வண்டி அந்த எண்ணைக் கொடுக்கத்தான் செய்யும். பண்ணையார் வீட்டு மரக்காலிலும் நெல் நிறையத்தான் செய்தது! நிறைந்ததா என்பதல்ல கேள்வி. மரக்காலைச் செய்தவன் யார், யாருக்காகச் செய்தான் என்பதே கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2017 ஏப்ரல் முதல் ஒவ்வொரு கார் கம்பெனியும் தன் வண்டிகளின் சராசரி எரிபொருள் செலவை ஒரு வரம்புக்குள் வைக்க வேண்டும் என்று சர்க்கார் விதி போட்டிருக்கிறது. 2022 ஏப்ரலில் அந்த வரம்பு இறுகியது. அதற்கும் அறைக்குள் பிறந்த எண்தான் கணக்கு. தேவைப்படும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அயல்நாட்டிலிருந்து வாங்கும் நாடு நம்முடையது. சாலையில் கூடுதலாக எரிகிற ஒவ்வொரு லிட்டரும் டாலராக வெளியே போகிறது. காகிதத்திலோ சிக்கனம் பெருகிக்கொண்டே இருக்கிறது!

வெள்ளைக்காரன் நாட்டில் நடந்தது

இது ஏதோ கம்யூனிஸ்டுகளின் வயிற்றெரிச்சல் என்று சொல்கிற கனவான்களுக்காக முதலாளித்துவ நாடுகளின் ஏடுகளையே புரட்டுவோம்.

ஐரோப்பாவில் பழைய சோதனையின் கணக்குக்கும் சாலையில் எரிந்த எண்ணெய்க்கும் இருந்த இடைவெளியைச் சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேசக் கழகம் ஆண்டுக்காண்டு அளந்து வந்தது. 2001-ல் நூற்றுக்கு 9 ஆக இருந்த இடைவெளி 2015-ல் 40-ஐத் தாண்டியது. கவனியுங்கள்: சாலை மாறவில்லை, ஓட்டுகிறவன் மாறவில்லை. சோதனையில் தேறுகிற வித்தையில் கம்பெனிகள் தேர்ச்சி பெற்றன, அவ்வளவுதான். வெட்கம் தாங்காமல் 2017-ல் சோதனையை மாற்றினார்கள். மாற்றிய பிறகாவது சரியாயிற்றா? வண்டிக்குள்ளேயே எண்ணெய்ச் செலவைக் குறிக்கும் கருவி வைத்து, லட்சக்கணக்கான வண்டிகளின் கணக்கைத் திரட்டி, ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. பெட்ரோல், டீசல் வண்டிகள் சொன்னதைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம் குடிக்கின்றன. மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓடுகிற, சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் வண்டிகளோ, சொன்னதைப்போல் மூன்றரை மடங்கு!

அடுத்தது நம் இருங்காட்டுக்கோட்டை எஜமானர்களின் கதை. 2012 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஹூண்டாய், கியா வண்டிகளைத் தன் சொந்த ஆய்வுக்கூடத்தில் ஓட்டிப் பார்த்து, ஒட்டிய சீட்டில் உள்ள மைலேஜ் தப்பு என்று அறிவித்தது. ஏறத்தாழ ஒன்பது லட்சம் வண்டிகள். அதில் டூசானும் சாண்டா ஃபே ஸ்போர்ட்டும் ஆகிய குடும்ப எஸ்.யூ.வி.களும் உண்டு. எப்படி வந்தது அந்தத் தப்பு? பல முறை ஓட்டிப் பார்த்து, சராசரியை எடுக்காமல் நல்லதாக வந்ததை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். வண்டிக்குச் சாதகமான வெப்பநிலையில் சோதித்தார்கள். பின்காற்று தள்ளிக்கொண்டு போன ஓட்டங்களையும் கணக்கில் சேர்த்தார்கள். இதெல்லாம் அமெரிக்க சர்க்கார் சொன்னது, நாம் சொன்னதல்ல. 2014 நவம்பரில் இரு கம்பெனிகளும் பத்துக் கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தன. இருபது கோடி டாலருக்கு மேல் பெறுமான சலுகைப் புள்ளிகளையும் இழந்தன. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, நடைமுறைப் பிழை என்றார்கள். பணத்தை மட்டும் எண்ணி வைத்தார்கள். வண்டி வாங்கியவர்களுக்கு, கூடுதலாகச் செலவான எண்ணெய்க் காசோடு அதன் மேல் 15 சதவீதமும் சேர்த்து அட்டையில் போட்டுக் கொடுத்தார்கள். சொந்த நாடான தென் கொரியாவிலும் விடவில்லை. சாண்டா ஃபே டீசல் எஸ்.யூ.வி.க்கு லிட்டருக்கு 14.4 என்று சொன்னதை 13.8 என்று திருத்தி, 2014 ஆகஸ்டில் ஆளுக்கு நான்கு லட்சம் வோன் வரை கொடுக்க முன்வந்தார்கள்.

பாருங்கள், வித்தியாசம் 0.6 கிலோமீட்டர்தான். அதற்கே நட்டஈடு! நம் ஓட்டுநருக்கு ஆறு கிலோமீட்டர் போகிறது. கேட்டால் 'ஓட்டுகிற விதம் சரியில்லை, கியரைச் சரியாகப் போடு' என்று புத்தி சொல்கிறார்கள்.

ஜப்பானில் இன்னும் வேடிக்கை. மிட்சுபிஷி கம்பெனி ஆறேகால் லட்சம் சிறு கார்களுக்கு மைலேஜ் கணக்கைப் புரட்டியதாக 2016 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி நிஸான் பெயரில் விற்ற வண்டிகள். கணக்கில் இடிக்கிறதே என்று கண்டுபிடித்ததும் நிஸான்தான். பிறகு என்ன செய்தது? பங்கு விலை சரிந்துகிடந்த அதே கம்பெனியில் அந்த ஆண்டே 34 சதவீதத்தை வாங்கிப் போட்டது. திருடனைப் பிடித்தவன் அவன் வீட்டுக்கே பங்காளி ஆனான்!

"இந்தியாவில் அப்படி எந்தக் குற்றமும் நிரூபணமாகவில்லையே" என்பார்கள். உண்மை. நிரூபிக்க முதலில் ஒருவன் அளந்து பார்க்க வேண்டாமா? அங்கே சர்க்கார் ஆய்வுக்கூடம் வண்டியை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தது. இங்கே கம்பெனி சொன்ன மைலேஜைச் சாலையில் ஓட்டிப் பார்த்து மக்களுக்குச் சொல்லும் பழக்கம் சர்க்காருக்கு இல்லை. அதிகம் எரிந்தால் அதிகம் வரி வருகிறது, அளப்பானேன்?

எத்தனால் கதையும் இதே குட்டையில் ஊறியதுதான். பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்து நாடெங்கும் ஊற்றுகிறார்கள். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு என்பது படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. மைலேஜ் குறைகிறதே என்று கூச்சல் எழுந்த பிறகு, 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய மந்திரி சபை வாயைத் திறந்தது: சில வண்டிகளில் ஒன்றிரண்டு சதவீதமும் மற்றவற்றில் மூன்று முதல் ஆறு சதவீதமும் குறையலாமாம், அது சொற்பமாம். லிட்டரில் உள்ள சரக்கு குறைந்ததற்கு விலையில் ஏதாவது குறைத்தார்களா? பங்கில் போய்ப் பாருங்கள். கள்ள மரக்கால் கம்பெனி வீட்டில் மட்டும் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

உள்ளே ஒரு அளவு, வெளியே ஒரு அளவு

தான் கொடுக்கும் வாக்குறுதியை இவ்வளவு தாராளமாக அளக்கும் முதலாளி, தொழிலாளியிடம் வாங்கும்போது எப்படி அளக்கிறான்? அதை லைனில் நிற்பவர்களைக் கேட்க வேண்டும். ஒரு போல்ட்டை முடுக்க இத்தனை விநாடி, குனிந்து நிமிர இத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்து எழுதிவிடுகிறார்கள். கோடைக்கு ஒரு அளவு, குளிருக்கு ஒரு அளவு கிடையாது. நேற்று ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வந்தவனுக்கும் அதே விநாடிதான். மூத்திரம் போக மாற்றாள் வர வேண்டும். இரண்டு நிமிடம் தாமதமாக வந்தவனிடம் 'சோதனை நிலைமைகளில்தான் சரியான நேரத்துக்கு வர முடியும்' என்று அவன் சொல்ல முடியுமா? கடுகு எழுத்தில் நாலு வார்த்தை போட்டுக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டா?

2021 மே மாதத்தை ஒரகடம் மறக்கவில்லை. கொரோனாவின் இரண்டாம் அலை ஊரைச் சுடுகாடாக்கிக்கொண்டிருந்தது. லைனில் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைவெளி வேண்டும் என்று கேட்டு, ரெனோ–நிஸான் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கம்பெனி என்ன சொல்லிற்று? ஏற்றுமதி ஆர்டர் காத்திருக்கிறது, மேக்னைட்டுக்கும் கைகருக்கும் முன்பதிவு குவிந்து கிடக்கிறது என்றது. (2025-ல் நிஸான் தன் பங்கை ரெனோவுக்கே விற்றுவிட்டது, லைன் அதேதான், கைகளும் அவையேதான்.) லிட்டருக்கு 18.75, 20 என்று விளம்பரம் செய்யப்பட்ட வண்டிகள், மூச்சுவிட இடைவெளி கேட்ட தொழிலாளியின் கையால் கட்டப்பட்டன. ஆகவே அந்தப் பொய் எண்ணில் தொழிலாளிக்கும் பேச உரிமை உண்டு. அவன் நேர்மையாகப் பூட்டிய வண்டிக்குப் பொய்ச் சீட்டை ஒட்டுகிறவன் வேறொருவன்.

என்ன கேட்பது?

பூனாவுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. ஒரகடத்திலேயே மத்திய சர்க்காரின் உலக வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மக்களின் வரிப்பணத்தில் கட்டிய ஓடுதளமும் ஆய்வுக்கூடமும் அங்கே உண்டு. அதே ஒரகடத்தில்தான் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் இருக்கின்றன. விற்பனைக்கு வரும் வண்டியைக் கம்பெனி அனுப்பிவைக்க வேண்டாம். கடையிலிருந்து சர்க்கார் எடுக்கட்டும். ஏ.சி.யைப் போட்டு, எல்லா இருக்கையிலும் ஆளை ஏற்றி, காலை ஷிப்டு விடும் நேரத்தில் இந்தச் சாலைகளில் ஓட்டட்டும். ஓட்டுநர் சங்கத்துப் பிரதிநிதி பக்கத்தில் உட்காரட்டும். வருகிற எண்ணை அறைக்குள் பிறந்த எண்ணுக்குப் பக்கத்தில், அதே பருமனான எழுத்தில் போட வேண்டும் என்று சட்டம் செய்யட்டும். இதற்கு விஞ்ஞானம் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முத்திரை மரக்கால் கேட்டபோதும் நாம் புதிய மரக்கால் கேட்கவில்லை. ஒரே மரக்கால் கேட்டோம்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டுமா? கேரளத்துத் திருச்சூரில் ஒரு பெண் நிற்கவில்லை. மறைமலைநகர் ஆலையில் கட்டிய ஃபோர்டு கிளாசிக் டீசல் காரை 2014-ல் வாங்கினார். அது எஸ்.யூ.வி. இல்லை, சாதாரணக் கார்தான். விளம்பரம் சொன்னது லிட்டருக்கு 32. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நிபுணர் ஒருவரை நியமித்து ஓட்டிப் பார்த்தார்கள், கிடைத்தது 19.6. செலவுத் தொகையும் சேர்த்து மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்க 2022-ல் உத்தரவாயிற்று. எட்டு வருஷம்! அதற்குள் ஃபோர்டு கம்பெனி மறைமலைநகரில் உற்பத்தியையே நிறுத்தி, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வீதிக்கு அனுப்பிவிட்டது. சட்டத்தின் நடை நத்தை நடைதான். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கையில் உள்ள அரிவாளை ஏன் கூரையில் செருகி வைக்க வேண்டும்?

மஞ்சள் போர்டு வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது, அது வியாபாரம் என்று விற்பனைக் கடையில் மிரட்டுவார்கள். நம்பாதீர்கள். தன் பிழைப்புக்காகத் தானே வாங்கிச் சுயதொழிலாக ஓட்டுகிறவனும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. பத்து லட்சம் முதல் இருபது லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய். கெடு இரண்டு வருஷம், தள்ளிப்போட்டால் போயிற்று. விளம்பரத் தாளை, கடையில் கொடுத்த அச்சுப் புத்தகத்தைக் கிழித்துப் போடாதீர்கள். டேங்கை முழுக்க நிரப்பி மீட்டரைக் குறியுங்கள். மறுபடி முழுக்க நிரப்பும்போது மறுபடி குறியுங்கள். பங்க் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதம் இப்படி எழுதிய நோட்டுப் புத்தகங்கள் ஒரே மாடல் வண்டி ஓட்டும் இருபது பேரிடமிருந்து சேர்ந்தால், அவற்றைக் கட்டாகக் கட்டி ஒரே நாளில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் மேசையில் வைக்கலாம்.